குனிந்து பார்க்கும் பெட்டி

ஆலங்கட்டி கொட்டிய மறுநாள்
வடகிழக்குக் கால்கரியில் எனக்கு வேலை ஆரம்பம்.
வாசலில் கார், காரில் குழி,
குழிக்குப் பக்கத்தில் நான் ஒட்டும் சின்ன அளவுகோல்.
ஒரு நாளைக்கு முந்நூறு படம்.
இன்ஷூரன்ஸ் கம்பெனி தந்த கேமராவுக்கு
எல்லாம் ஒன்றுதான்:
வேனின் கூரை,
கடித்துத் துப்பியது போல் வினைல் சுவர்,
‘இதுக்கும் காசு வருமா’ என்று
சட்டத்துக்குள் நுழையும் வீட்டுக்காரரின் விரல்.

குழியை நேரே நின்று பார்த்தால் தெரியாது.
மண்டியிட்டு, கன்னத்தைத் தகரத்தோடு சேர்த்து,
வெளிச்சம் வழுக்கிப் போகும் பக்கமாகப் பார்க்க வேண்டும்.
வழவழப்பென்று நம்பியதெல்லாம் அப்போது
அம்மைத் தழும்பு முகமாகும்.
பதினோரு வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன்,
சம்பளம் இல்லாத நாட்களிலும்.

எனக்கென்று ஒரு கேமரா வாங்கப் போகிறேன் என்றதும்
எட்மன்டனிலிருந்து கொழுந்தன் செங்கோடன்
பட்டியல் அனுப்பினான்.
எடை, விலை, மெகாபிக்சல், நட்சத்திரம்.
பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று
இரண்டின் மேல் மஞ்சள் அடித்திருந்தான்.
என் ஜாதகத்தை மட்டும்
அவன் கேட்கவே இல்லை.

இங்கிள்வுட்டில் பழைய கேமராக் கடை.
‘எதைப் படம் பிடிப்பீர்கள்?’ என்றார் ஓரெஸ்ட்.
‘மலையா?’
மேற்கே திரும்பினால் மலை.
அதற்கு நான் எதற்கு?

கனத்த கறுப்பு ஒன்றைத் தந்தார்.
கண்ணில் வைத்தேன்.
கடையில் நின்ற வேறொரு ஆள்
தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.
கீழே வைத்துவிட்டேன்.

அடுத்து ஒரு நீளக் குழல்.
தெருவுக்கு அப்பால் பஸ்ஸுக்கு நின்றவளின்
அழுது முடித்த மூக்கு
என் மூக்கருகே வந்தது.
தட்டாமல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.
மன்னிச்சுக்கோம்மா என்றேன், தமிழில்.
ஓரெஸ்ட் என்னவென்று கேட்கவில்லை.

பிறகு அடித்தட்டிலிருந்து அந்தப் பெட்டி.
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு கண்.
மேல்மூடியைத் திறந்தால்
கண்ணாடி போட்ட சின்னக் கிணறு.
வயிற்றோடு அணைத்துக் குனிந்தேன்.
எதிர் ஜன்னலும் அதில் சாய்ந்த சைக்கிளும்
என் இரண்டு கைக்குள் மிதந்தன.

‘தொலைச்ச காசைத் தேடுறியா, நிமிர்ந்து நட!’
டிரில் மாஸ்டர்.
‘மோவாயைத் தூக்கும்மா!’
கல்யாண போட்டோக்காரர்.
தலை குனிந்தபடியே முன்னால் பார்க்க
ஒரு பெட்டி செய்து வைத்திருந்திருக்கிறார்கள்,
நான் பிறப்பதற்கும் முன்பே.

அதில் இடம் வலம் மாறித் தெரியும்.
ஒரு மாதம், தெருவில் போனவர்களையெல்லாம்
துரத்தித் துரத்திச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன்.
சுருளுக்குப் பன்னிரண்டே படம்.
முதல் சுருளில் ஏழு இருட்டு, ஒன்று என் ஷூ.
‘ஸூம் இல்ல, திரை இல்ல,
வேற என்னதான் அண்ணி இருக்கு அதுல?’
இரு, பார்த்துச் சொல்றேன் என்றேன்.

ஜூலையில் மறுபடி கொட்டியது.
பரம்ஜோத்தின் டாக்ஸி, வாங்கிப் பதினாறு நாள்.
கம்பெனிக்கான படங்கள் முடிந்ததும்
பின்சீட்டிலிருந்து என் பெட்டியை எடுத்தேன்.
ஒன்றே ஒன்று, எனக்காக.
அவர் நிமிர்ந்தார், தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார்.
நான் குனிந்திருந்தேன்.
இன்னும் ஏதோ திருகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து
தோளை விட்டார்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
பானெட்டில் ஒரு குழியைத் தேய்த்தார்,
மைக்கறையைத் தேய்ப்பது போல.
அமுக்கினேன்.
மேலண்ணத்தை நாக்கு விடுகிற சத்தம், அவ்வளவுதான்.

வந்திருக்கிறதா, தெரியாது.
சுருளில் இன்னும் மூன்று பாக்கி.
முடிக்காமல் கழுவக் கொடுப்பதில்லை.
வெள்ளிக்கிழமை மறுபடி ஆலங்கட்டி என்கிறார்கள்.